பின் சீட்டில் இடமில்லை

நடந்ததைத்தான் சொல்கிறேன். கட்டிவிட்ட கதை என்கிறவர்கள் கல்முனைக்குடிக்கு வந்து றினாஸிடமே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவன் வாய் திறக்க மாட்டான். காருடைய புஷ் என்று தொடங்கினாலே எழும்பிப் போய்விடுவான். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

றினாஸிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஜப்பான்காரன் முப்பது வருஷத்துக்கு முதல் செய்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவு. பின்னால் சீட் என்ற பெயரில் ஒன்று உண்டு. அதில் ஆள் இருக்க வேண்டுமானால் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வினாயகபுரத்தில் தங்கரத்தினம் என்பவருடைய வளவில், ஓலைக் கொட்டிலுக்குள் வருஷக்கணக்காகச் சும்மா நின்ற கார் அது. சாவியைக் கையில் தரும்போது மனுசன் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

"பின்னுக்கு இடமில்ல தம்பி. ஆள் ஏத்திராதீங்க."

றினாஸ் சிரித்தான். கண்ணிருக்கிறவனுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?

கார் நல்ல கார்தான். ஆனால் சின்னப் பள்ளத்தில் விழுந்தாலும் போதும், பின்னால் இடது பக்கம் டொக்... டொக்... என்று முட்டும். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை காரின் உடம்போடு சேருகிற இடத்தில் றப்பர் புஷ் ஒன்று இருக்கும். அது தேய்ந்து போய்விட்டது. வளைவுகளில் கார் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு போகும்.

அவன் மனைவி ஸப்னாவுக்கு அப்போது நிறைமாதம். முதல் பிள்ளை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

"இஞ்சாருங்க, அந்தச் சத்தம் என்ட இடுப்பிலதான் வந்து அடிக்கிது. இண்டைக்குச் சரிவராட்டி நான் காக்காட ஓட்டோவில போறன். பிள்ளையும் ஓட்டோவிலதான் ஊட்டுக்கு வரும்."

ஸப்னாவின் காக்கா, அதாவது அண்ணன், சப்ரிக்கு வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி. "இப்பிடி ஆடுறதுக்கு நீங்க ஆடே வாங்கியிருக்கலாமே மச்சான்!" என்றான். அவனும் றினாஸும் சேர்ந்து பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரை வளையில் புது ஸ்பிரிங் மாட்டி, சேலையை முடிந்து, அரைமூட்டை அரிசியை வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே ஏணை இறங்கவில்லை. "ஸ்பிரிங் வேலை தெரியிது. காருக்குத்தான் தெரியல" என்று அதற்கும் ஒரு குத்தல்.

றினாஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் பிள்ளை என் காரில்தான் வீட்டுக்கு வர வேண்டும். இது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

வழக்கமாகக் காருக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் அச்சிமுகம்மது பாஸ், கராஜைப் பூட்டிவிட்டு வெள்ளாமை வெட்டுக்கு இறக்காமம் போயிருந்தார். ஃபோனில்தான் வழி சொன்னார்.

"மனே, ஒண்டை மட்டும் மறந்திராதே. ஜக்கில நிக்கக்குள்ள நட்டை இறுக்காதே. காரை நிலத்தில இறக்கி, பாரம் ஏறின பொறகுதான் இறுக்கணும். எந்தப் பாரத்தோட பூட்டுறியோ, புஷ் அந்தப் பாரத்துக்குத்தான் பழகும். பாரம் மாறினா முறுகிக் கிழிஞ்சிரும்."

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வேலையைத் தொடங்கினான். வலது பக்கம் ஒழுங்காகக் கழன்றது. இடது பக்கம்... அடேயப்பா! கடற்கரை உப்புக்காற்று போல்ட்டைத் தின்று உள்ளேயே ஒட்ட வைத்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினான். சுத்தியலால் அடித்தான். ஸ்பானர் வழுக்கி விரல் மொழியில் தோல் உரிந்தது. ஏசாத ஏச்சில்லை. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போதுதான் போல்ட் வெளியே வந்தது. சவர்க்காரம் பூசிப் புதுப் புஷ்ஷை நெருக்கி ஏற்றியபோது கையில் பலம் இல்லை.

ஸப்னாவும் அவள் உம்மாவும் ஆஸ்பத்திரி போகுமுன் சொந்தக்காரருக்குச் சலாம் சொல்ல அடுத்த தெருவுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அவன் மட்டும்தான்.

அடியில் நுழைய இடம் வேண்டும் என்று பின்சக்கரங்களுக்குக் கீழே தடித்த பலகைகளை வைத்து, காரை இறக்கினான். எட்ட நின்று பார்த்தான். வலது பக்கம் டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் நாலு விரல் போனது. இடது பக்கம் இரண்டு விரல்தான் போனது.

மணல் தரை, பலகை புதைந்திருக்கும் என்று நினைத்தான். மறுபடியும் ஜக்கு அடித்து, மணலைத் தட்டி, பலகையை மாற்றி வைத்து இறக்கினான்.

இரண்டு விரல்.

"என்ன கரைச்சல்டா இது!" என்று டயரை உதைத்தான். வலது பக்கத்தை அமத்தினால் கார் துள்ளி எழும்பியது. இடது பக்கத்தை அமத்தினால் அசைவே இல்லை.

கதவைத் திறந்து பார்த்தான். பின் சீட்டில் ஒன்றும் இல்லை. இடது பக்க மெத்தை மட்டும் பதிந்து கிடந்தது. கையால் தட்டி விட்டான். எழும்பவில்லை. பழைய சீட், அப்படித்தான் இருக்கும்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பிஸ்மி சொல்லி அடியில் நுழைந்தான்.

வலது நட்டை இறுக்கிவிட்டு, இடது நட்டில் ஸ்பானரை மாட்டினான். மஃரிப் பாங்கு தொடங்கியது.

கிறீச்...

தலைக்கு மேலே, சீட் கம்பி.

ஸ்பானரைப் பிடித்தபடி மூச்சை அடக்கினான்.

கிறீச்... கார் மெல்ல ஆடியது. பஸ்ஸில் சீட் கிடைத்தவர் சரியாக அமர்ந்து கொள்வதுபோல.

"ஸப்னா?"

பதில் இல்லை.

ஒரே இழுவையில் நட்டை இறுக்கினான். வெளியே உருண்டு வந்தான். முதுகெல்லாம் மணல்.

கதவு அவன் திறந்துவிட்டபடியே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சப்ரி விடுவானா? அதோடு, சொல்லிப் புலம்ப ஒரு குறையும் இருக்கவில்லை. காலையில் ஸப்னாவை ஏற்றிக்கொண்டு போனபோது கார் பூனை மாதிரிப் போனது. எந்தப் பள்ளத்திலும் சத்தமில்லை. "மாஷா அல்லாஹ், இதெல்லவா கார்!" என்று அவளே சொல்லிவிட்டாள். பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளையை முன் சீட்டில் ஸப்னாவின் மடியில் வைத்து, அதே காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கியது. சப்ரி கூட வாயை மூடிக்கொண்டு பின்னால் ஓட்டோவில் வந்தான்.

கேற்றடியில் பிள்ளையோடு ஸப்னாவை இறக்கிவிட்டு, காரை வளவுக்குள் எடுத்தான். வாசல் படியில் சக்கரம் ஏறி இறங்கியது.

டொக்... டொக்...

அவனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாளுக்கு நாள் சத்தம் கூடியது. பாஸ் ஊர் திரும்பிய அன்றே காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். பாஸ் இடது பக்க நட்டைத் தளர்த்தினார். முறுகி நின்ற இரும்புக் கை 'டப்' என்று தெறித்துத் திரும்பியது. புதுப் புஷ் இரண்டாகக் கிழிந்திருந்தது.

"பின் சீட்டில ஆரை ஏத்தி வச்சிட்டுப் பூட்டின நீ?"

"ஒருத்தரும் இல்ல பாஸ். நான் தனியத்தான் செய்தன்."

"பொய் சொல்லாத மனே. புஷ் பொய் சொல்லாது. நல்ல பாரமான ஆள் ஒண்டு இதுக்கு மேல இரிந்திரிக்கி. அந்தப் பாரத்துக்குத்தான் இது பழகியிரிக்கி. அவர் இரிக்கும்வரைக்கும் சத்தம் வந்திருக்காதே?"

"ஓம்... வரல்ல."

"ஆள் இறங்கினா, றப்பர் மத்தப் பக்கம் முறுகும். கிழியும். சத்தம் எப்ப தொடங்கின?"

றினாஸுக்கு வீட்டு வாசல் படி ஞாபகம் வந்தது. காரின் பின்பக்கத்தைப் பார்த்தான். வலது பக்கம் நாலு விரல், இடது பக்கமும் நாலு விரல். தங்கரத்தினம் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

ஸப்னா கட்டிலில் இருந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவனைக் கண்டதும் எரிந்து விழுந்தாள்.

"இஞ்சாருங்க, எந்தக் கடையில வாங்கின ஸ்பிரிங் இது? நாங்க ஊட்டுக்கு வந்த அண்டிலிருந்து இப்பிடித்தான் கிடக்கு. பிள்ளையை ஒருக்காக் கூட இதில போட ஏலாமக் கிடக்கு. கழட்டிட்டு வேற ஸ்பிரிங் மாட்டுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான்.

வளையில் ஸ்பிரிங் கடைசிவரை இழுபட்டு நின்றது. வெறும் ஏணை தரையில் முட்டிக்கொண்டு, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

டொக்... டொக்...