கட்டைப் பிரித்தவள்

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களில் பத்து வருடம் பந்திக்கு இலை போட்டவள் கலைமதி. கிழிந்த வாழை இலை என்ன பாடு படுத்தும் என்பது அவளைக் கேட்டால் தெரியும். ஒரு முகூர்த்தத்தில் ரசம் ஓட்டை வழியே இறங்கி, மாப்பிள்ளையின் மாமா கட்டியிருந்த புதுப் பட்டு வேட்டியை நனைத்துவிட்டது. மனுஷர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். திட்டு வாங்கியது ரசம் ஊற்றியவர் அல்ல, கலைமதிதான். நல்ல இலையை நாமே விற்றால் என்ன என்ற எண்ணம் அன்றைக்கே அவளுக்கு வந்துவிட்டது.

திருச்சி இலைச் சந்தையில் புதிதாக ஒருத்தி நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் சந்தைச் சங்கம் முன்பணம்கூடக் கேட்காமல் அவளுக்கு இடம் கொடுத்தது. "மொதல்ல யாவாரத்தைப் பாரும்மா, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றதோடு சரி, தலைவர் நிஜாமுதீன். சங்கத்தின் பேரைச் சொன்ன பிறகுதான் லால்குடித் தோட்டக்காரர்களும் அவளை நம்பி இலை அனுப்பினார்கள். அந்த நன்றியை அவள் என்றைக்கும் மறந்ததில்லை.

சங்கத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. விற்கும் முன் இலைக் கட்டைப் பிரிக்கக் கூடாது. வெளி இலையைப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், உள்ளே எப்படி இருந்தாலும் வாங்கினவர் பாடு. கலைமதிக்கு இது சுத்த அநியாயமாகப் பட்டது. ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் துணிந்து கட்டுகளைப் பிரித்துப் போட்டு, "பாத்து எடுத்துக்குங்க" என்று கூவினாள்.

கூட்டம் மொய்த்தது. சமையல் கான்ட்ராக்டர் அழகிரி பக்கத்துக் கடை வேலம்மாளிடம் போய், "அங்க பிரிச்சுக் காட்டுறாங்க, நீங்க மட்டும் என்னவாம்?" என்று மடக்க, அவளும் வேறு வழியில்லாமல் பிரித்தாள். அழகிரி நல்ல இலைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சத்தைச் சீந்துவாரில்லை. மதிய வெயிலில் அத்தனையும் சுருண்டது. கலைமதி கடையிலும் அதே கதிதான். வேலம்மாள் வாடிய இலைகளை மாட்டுக்குப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அப்போதுதான் கலைமதிக்கு உறைத்தது. பெரிய கை வந்து பொறுக்கிவிட்டுப் போனால் சின்னக் கடை தாங்காது. தன்னைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் சங்கம் கூடியது. அவள் இடத்தைப் பறிக்க வேண்டும் என்று நாலைந்து பேர் குதித்தார்கள். இடம் போனால் மறுபடியும் மண்டபத்தில் திட்டு வாங்கத்தான் போக வேண்டும். கலைமதி எழுந்து நின்றாள்.

"தப்புதான் பாய். வேலம்மா அக்கா வயித்துல அடிச்சுட்டேன்" என்றாள். "ஆனா கிழிசலை வாங்கிட்டுப் போறவங்க மறுபடி நம்மகிட்ட வருவாங்களா? ஒரு யோசனை சொல்றேன். வாங்குறவங்க கைகாட்டுற ஒரு கட்டை மட்டும் பிரிப்போம். அதுல கிழிசல் எத்தனை இருக்கோ, வாங்குற ஒவ்வொரு கட்டுக்கும் அத்தனை நல்ல இலை கொடுத்துருவோம். பிரிச்ச கட்டை அவங்க எடுத்துக்கணும். பொறுக்குற பேச்சே கிடையாது."

எல்லோரும் வேலம்மாளைப் பார்த்தார்கள்.

"நேத்து பூரா இவளைக் கரிச்சுக் கொட்டுனது வாஸ்தவந்தான்" என்றாள் வேலம்மாள். "ஆனா இவ சொல்றது நியாயமாத்தான் இருக்கு. இவ இடத்துல கை வைக்காதீங்க பாய்."

நிஜாமுதீன் தலையாட்டினார். "சரி, செஞ்சு பாப்போம்."

அடுத்த முகூர்த்தத்துக்கு முதல் ஆளாக அழகிரி வந்தார். கலைமதியிடம் சமயபுரத்துக்கு அனுப்பியது போக மூன்றே கட்டுகள் இருந்தன. மூன்றையும் கேட்டுவிட்டு, நடுவில் இருந்ததைக் கைகாட்டினார். பிரித்தால், வண்டியில் நசுங்கி உள்ளே பாதிக்கு மேல் கிழிசல்! தான் கேட்டு வாங்கிய கட்டுப்பாட்டில் தானே முதலில் மாட்டிக்கொண்டாள். மூன்று கட்டுக்கும் ஈடு கொடுக்க அவளிடம் ஒரு இலைகூட மிச்சமில்லை. சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேலம்மாள் தன் கட்டு ஒன்றைத் தூக்கிவந்து அவள் முன்னால் போட்டாள். அதுவும் போதவில்லை. கலைமதியை வெளியேற்றச் சொல்லிக் குதித்தவர்களே, சந்தை கொடுத்த வாக்காயிற்றே என்று ஆளுக்குக் கொஞ்சம் இலையோடு வந்தார்கள். இவர்களை விட்டால் தனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கலைமதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே இலையை எடுத்து வைத்தாள்.

வேலம்மாள் அதட்டினாள். "அழுதுகிட்டே எண்ணாதடி. கணக்குத் தப்பிடும்."