ஏரி நடுவில் முக்கால் மணி நேரம்

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. திண்டிவனத்தில் ஒரு டியூஷன் சென்டரில் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பி.எட். படிக்க ஆசை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று தடவையும், "படிப்பு முடியட்டும்" என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் அப்பாவின் அக்கா வந்தாள். "எல்லாரும் ஏற்காடு போய்ட்டு வரலாம். வேனுக்குச் சொல்லிட்டேன்" என்றாள். எங்கள் வீட்டில் யாரும் மலைக்குப் போனதில்லை. வெளியூர் என்றால் வேளாங்கண்ணி, அவ்வளவுதான். நான் டியூஷன் சென்டரில் இன்னொரு டீச்சரிடம் ஸ்வெட்டர் இரவல் வாங்கி வந்தேன்.

அம்மா என் பட்டுப்புடவையை மடித்துப் பையில் வைத்தாள்.

"மலைக்கு எதுக்கும்மா பட்டு?"

"ஞாயித்துக்கிழமை அங்க பூசைக்குப் போவ மாட்டோமா?"

நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். அவித்த மல்லாட்டைக் கடலையும் புளிசோறும் விழுப்புரம் தாண்டுவதற்குள் பாதி காலியாகிவிட்டன. சேலம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மேலே போய் இறங்கியதும் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. மரங்களில் எல்லாம் மிளகுக்கொடி ஏறியிருந்தது. எங்கே பார்த்தாலும் பச்சை. அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் பட்டுப்புடவையோடேயே ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். படகுத்துறை வாசலில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. ஒரு அம்மா, ஒரு பெண், முழுக்கைச் சட்டையை உள்ளே விட்ட, முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர்.

"அட, நீங்களும் வந்திருக்கீங்களா!" என்றாள் அத்தை, தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என் கண்ணைப் பார்க்காமல் என் கொசுவத்தைச் சரிசெய்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கிற படகு. "நீங்க ரெண்டு பேரும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க. நாங்க இங்கயே நிக்கறோம்" என்றாள் அத்தை. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முண்டினார்கள். அத்தனை பேர் நடுவில் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படகுக்காரர் பட்டுப்புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வாரை இழுத்து இறுக்கினார். மூச்சு முட்டியது.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அவர், "ஏரி நல்லா இருக்குதுங்களா?" என்றார்.

நான் தண்ணீரையே பார்த்து மிதித்தேன்.

"நீங்க சரின்னு சொல்லிட்டீங்க, நேர்ல பேசணும்னு பிரியப்படறீங்கன்னு உங்க அத்தை சொன்னாங்க."

"நான் எதுவும் சொல்லலைங்க. நீங்க வர்றதே எனக்குத் தெரியாது."

அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. திருப்புகிற கம்பி என் கையில் இருந்தது. கோபத்தில் எந்தப் பக்கம் திருப்புகிறேன் என்றே பார்க்காமல் மிதித்தேன். படகு ஒரு பக்கமாகப் போய் பாசிக்கொடிகளுக்குள் புகுந்து நின்றது. எவ்வளவு மிதித்தாலும் நகரவில்லை. அவர் குனிந்து கையை விட்டு இழுத்துப் பார்த்தார். சட்டைக்கை தோள் வரை நனைந்ததுதான் மிச்சம்.

பிறகு கரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். கரையில் எங்கள் இரண்டு குடும்பமும் பதிலுக்குக் கையை ஆட்டியது. அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அவர்களும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். அத்தை கேமராவை எடுத்தாள். அப்பா மட்டும் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கிக் கரை மறைந்துவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் வாரைக் கழற்றவும் பயம், கட்டியிருக்கவும் முடியவில்லை. சத்தம் வராமல் அழ ஆரம்பித்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அழாதீங்க. நான் பாத்துக்கறேன்."

"இன்னா பாத்துக்குவீங்க?"

"புடிக்கலைன்னு நான் சொல்லிடறேன். நீங்க சொன்னா உங்களைத்தான் பேஜாரு பண்ணுவாங்க."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மோட்டார் படகு வந்து கயிறு கட்டி எங்களை இழுத்துப்போகிறபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய அம்மா அத்தையைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அத்தையின் முகம் கறுத்தது. அன்றே மலை இறங்கினோம்.

வேனில் எனக்கு எல்லாப் பக்கமும் ஆட்கள். ஜன்னல்கூடக் கிடைக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "இவளுக்கு இன்னா கொறச்சல்? பட்டு கட்டி, பூ வச்சு கூட்டிக்கினு போயும் வேணாம்னுட்டானே."

"ரயில்வேல வேலைன்னா இன்னா திமிரு பாரு" என்றாள் அத்தை. "எங்கியாவது தொடுப்பு இருக்கும் அவனுக்கு. நாளைக்கே நாலு பேர்கிட்ட சொல்றேன் பாரு."

இரண்டு வளைவு வரை பொறுத்தேன். அவர் நனைந்த சட்டையோடு சாப்பிட உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது.

"அவர் நல்லவர்தான் அத்தை. வேணாம்னு சொன்னது நான். எனக்காகத்தான் அவர் அப்படிச் சொன்னாரு."

அப்பா டிரைவரிடம், "கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்றார். இறங்கினார். என்னையும் இறங்கச் சொன்னார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் சாலையோரச் சுவரில் கையை ஊன்றிக் கீழே தெரிந்த ஊரைப் பார்த்தார்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன்பா. மூணு தடவை சொன்னேன்."

அவர் சுவரிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். பிறகு, "படகு டிக்கெட் எடுத்தது நான்தான்" என்றார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "வா, ஏறு. மழை வரப்போவுது."

ஊர் வந்து சேரும் வரை அத்தை என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் பேசவில்லை. அம்மா பேசினாள், ஆனால் சோறு போடும்போது தட்டைச் சத்தமாக வைப்பாள். வீடு முன்னைவிடச் சின்னதாகிவிட்டது போலிருந்தது. அடுத்த மாதம் அப்பா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு புதுச்சேரிக்கு பஸ் ஏறி, பி.எட். விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றார். வழியில் கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை.

இருபத்தொன்பதாவது வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது. அவர் வேறொருவர். எங்கள் வீட்டுக்கே வந்து, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்து, சரி என்றேன். அத்தை கல்யாணத்துக்கு வந்து, கோயில் வாசலில் என் கன்னத்தைக் கிள்ளி, "இந்தத் தடவையாவது நீயே சொன்னியே" என்றாள்.