ராக்கெட்டின் கண்ணில் வைத்த பொட்டு

முதலில் கேமராவைத்தான் திட்டினேன். ரெண்டு நொடி என் மூஞ்சி, அப்புறம் வீடியோ முழுக்க ஒரே மஞ்சள் இருட்டு. இதற்காகவா ரெண்டு மாதம் நாயாய் அலைந்தேன்?

அறந்தாங்கியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் நான். சின்னதாய் ஒரு ராக்கெட் செய்து, சாவிக்கொத்து அளவுக் கேமராவை அதில் பொருத்தி, எங்கள் ஊரை மேலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்பது என் பைத்தியம். ஜவுளிக்கடை அட்டைக்குழாய்தான் உடம்பு, அட்டையில் வெட்டியது றெக்கை, பழைய குடைத்துணி பாராசூட். நர்ஸாக இருக்கும் என் மனைவி இதைக் கண்டாலே தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் கடைசி ஒரு மாதமாக அவளே என்னை விரட்டினாள்.

"எப்பங்க விடுவீங்க? நம்ம வீட்டு மாடி அதுல தெரியணும், சொல்லிட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் தன் கல்யாணப் புடவையை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டு வந்தாள். அடையாளத்துக்காம். இவளுக்கு என்ன ஆச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கண்மாய் வறண்டு கிடந்தது. கேமராவை ஓடவிட்டு, ராக்கெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, பேட்டரி வயரை இழுத்துக்கொண்டு தூரமாய்ப் போனேன். அவள் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டே அதை ஏவுவதற்கு நட்டிருந்த கம்பியில் மாட்டிவிட்டு ஓடி வந்தாள். பட்டனை அழுத்தினேன். அம்மாடி, என்ன சீற்றம்! கருவேலங்காட்டுக் கொக்கெல்லாம் அலறிப் பறந்தன. குடைத்துணி விரிந்து அழகாக இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் எதையும் கவனிக்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

இப்போதுதான் ராக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். கேமராவின் கண்ணாடி மேல் அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம். புது வண்டியின் ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைப்போமே, அந்தப் பழக்கம். அடியேய் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் லேப்டாப்பிலிருந்து அவள் குரல் வந்தது. படம்தான் இல்லை, சத்தம் இருந்தது.

"குவைத் விசா வந்து ஒரு மாசமாச்சுடி. வர்ற வெள்ளிக்கெழம ஃப்ளைட்டு. இவருகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு உக்காந்துருவாரு. வீடியோ எடுத்து முடிக்கட்டும், சொல்லிர்றேன். அங்கிட்டுப் போயி நான் பாக்க நம்ம வீடு வேணும்ல? இரு, பொட்டு வச்சாச்சு, இத மாட்டிட்டு வந்துர்றேன்."

அவள் குவைத்தில் நர்ஸ் வேலைக்கு எழுதிப்போட்டு ரெண்டு வருடம் ஆகிறது. போன வாரம் கேட்டபோதுகூட "ஒண்ணும் வரலங்க" என்றாளே! ஒரு மாதமாக என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். எங்கள் தெருவில் ஆம்பளைகள் போவார்கள், பொம்பளைகள் பஸ் ஏற்றிவிட்டு வருவார்கள். ஏற்றிவிடும் ஆளாக நான் நிற்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

நிமிர்ந்தால், மடித்த புடவையோடு வாசற்படியில் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மாடி தெரியுதாங்க?" என்றாள்.

"ஒண்ணுமே தெரியல. நீ வச்ச பொட்டு மறச்சிருச்சு."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாலு வார்த்தை திட்டத்தான் எழுந்தேன். அலமாரியில் மருந்து அடைத்த ராக்கெட் மோட்டார் இன்னும் ஒன்று மீதம் இருந்தது. அதை எடுத்தேன்.

"போயி புடவைய மறுபடி விரி," என்றேன். "இந்தத் தடவ பொட்ட றெக்கையில வையி."