மெரூன் ரெக்சின் அட்டை

விருதுநகரில் மிளகாய் வத்தல் தரகு பார்த்துவந்த அலாவுதீன், மனைவி மெகருன்னிசா இறந்தபின் ஒரு நாவல் எழுதினார். சென்னைப் பதிப்பாளர் ஒருவர் போடுவதாகச் சொன்னார். ஆனால் மனைவியின் கடைசி நாட்களைச் சொல்லும் அத்தியாயம் நீளம், எடுத்துவிடுங்கள் என்றார். அவருக்கென்ன, அவர் மனைவியா செத்தாள்? அலாவுதீன் தானே அச்சடித்துக்கொள்வதென்று சிவகாசிக்குப் பஸ் ஏறினார்.

அச்சகத்தில் காலண்டர் சீசன். டிசம்பர் கடைசியில்தான் புத்தகம் வந்தது. டைரி ஆர்டரில் மிஞ்சிய மெரூன் ரெக்சினில் கெட்டி அட்டை. அதில் தங்க எழுத்தில் அவர் பெயர்.

பதிப்பாளராயிருந்தால் ஊர் ஊராகப் புத்தகக் கடைகளுக்கு அனுப்பியிருப்பார். அலாவுதீனுக்குத் தெரிந்ததெல்லாம் பஜாரின் பருப்புக் கடைகளும் எண்ணெய்க் கடைகளும்தான். விலை சொல்ல நா எழவில்லை, சும்மாவே கொடுத்தார். எல்லாரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் கேட்கவும் ஆளில்லை.

பொங்கலுக்கு முன் பருப்புக்கடை அய்யாதுரை கைதட்டிக் கூப்பிட்டார். படித்துவிட்டார் போல என்று அலாவுதீன் ஓட்டமாகப் போனார்.

“டைரி அருமையா இருக்கு, பாய். ஆனா உள்ள பூராம் நீங்களே எழுதி வச்சிருக்கீகளே, நாங்க எங்கன எழுத?”