ஹீட்டருக்குத் தனி லைன்

கல்யாணமான ஏழாம் மாதம் என் கணவர் மஸ்கட்டுக்குப் போனார். எலக்ட்ரீசியன் வேலை. கோவில்பத்து வீட்டில் நானும் மாமியாரும்தான். எண்பதுகளின் தொடக்கம், வீட்டில் போன் கிடையாது. கடிதம் வந்துசேர இருபது நாளாகும். வந்தாலும் நாலே வரி. நலம், நீ நலமா, அம்மாவைப் பார்த்துக்கொள், வேலை அதிகம். ஐந்தாவது வரி இருக்காதா என்று தாளைப் புரட்டிப் பார்ப்பேன்.

ஐப்பசியில் ஐம்பது கோழிக்குஞ்சு வாங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. குளிர் தாங்காமல் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கின. காரைக்கால் கடைத்தெருவில் ஆயிரம் வாட்ஸ் ஹீட்டர் வாங்கி, கொல்லைக் கூண்டில் தொங்கவிட்டு, வீட்டிலிருந்து ஒயர் இழுத்தேன். சாயங்காலம் அத்தை சட்னி அரைக்க மிக்சியைப் போட்டதும் ஃபியூஸ் போனது.

"கோழிக்குக் கதகதப்பு, நமக்கு இருட்டா?" என்றார் அத்தை.

"அவுங்களுக்கு எழுதிக் கேக்குறேன், அத்தை."

"அவன் பதில் வர்றதுக்குள்ள குஞ்சு முட்டையே போட்டுடும்."

அன்றிலிருந்து அம்மியில் அரைத்தோம், ஒற்றை விளக்கோடு இருந்தோம். பதில் வந்தபோது குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்தது, ஹீட்டரே தேவைப்படவில்லை.

ஆனால் உறை கனமாக இருந்தது. மூன்று பக்கம். 'ஆயிரம் வாட்ஸ் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்கு லைன் ஃபியூஸ் ஐந்து ஆம்பியர்தான், மிக்சியும் சேர்ந்தால் தாங்காது. மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், தனி ஃபியூஸ் போடச் சொல். கூண்டில் கம்பிவலை இருக்கிறது, எர்த் இல்லாமல் போடாதே. ஈரக்கையால் தொடாதே. வெறுங்காலோடு போகாதே.' கீழே படமும் வரைந்திருந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் செருப்புப் போட்ட ஒரு பெண்.

அந்தப் பெண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கடிதத்தில் ஒயர் எவ்வளவு கனம் வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பக்கம் வந்தது. எர்த் குழியில் என்ன போடுவது என்று கேட்டேன். கரியும் உப்பும் என்று இரண்டு பக்கம். வயர்மேன் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தேன். எப்போது வருவீர்கள் என்று எழுத மட்டும் கை வரவில்லை.

மூன்றாம் வருஷம் பங்குனியில் வந்தார். கொல்லைக்குப் போய் லைனை இழுத்துப் பார்த்து, "நல்லாத்தான் போட்டுருக்கான்" என்றார். நாற்பது நாள் லீவு ஓடிப்போனது.

பஸ் ஏறும்போது கேட்டேவிட்டேன். "மறுபடி எப்ப வருவீங்க?"

"ரெண்டு வருசம் ஆவும்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தை அவரால் கடிதத்தில் எழுதியிருக்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.