நபீத் என்றான் நுஃமான்

நுஃமானின் பிழைப்பே அவனுக்குத் தெரிந்த அரபிதான். காயல்பட்டினத்து மதரஸாவில் ஐந்து வருஷம் கிதாபு கிதாபாகப் பழைய அரபிப் புத்தகங்களை ஓதியவன். மஸ்கட்டில் மற்ற டிரைவர்கள் கிளம்புவதற்கு ‘யல்லா’, இல்லை என்பதற்கு ‘மாஃபி’ என்று இரண்டு சொல்லை வைத்துக் காலம் தள்ள, இவன் இலக்கணம் பிசகாமல் பேசுவான். கேட்கிற அரபிகள், கிதாபிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரிப் பேசுகிறானே என்று சிரிப்பார்கள். இவனுக்கு அது பாராட்டாகப் பட்டது, பாவம்.

அவனுடைய டூர் கம்பெனி, ஆட்களைக் காலையில் ஜெபல் அக்தர் மலைக்கு ஏற்றிப் பொழுது சாய இறக்கிவிடும். படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். ரசாயன உரம் இல்லை, மோட்டார் இல்லை, வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சியே மாதுளையும் திராட்சையும் விளைகின்றன. வெள்ளைக்காரர்களுக்கான விளம்பரத்தில் ‘வளைகுடாவின் வைன் தேசம்’ என்று போட்டிருந்தார்கள். வைனாவது ஒன்றாவது, அங்கே இருப்பது கொடிதான்! அரபிக் குடும்பம் வந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, எடுத்தால் விசா கேன்சல் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

விசா போனால் அவன் மட்டுமா போவான்? அவன் விசாவில்தான் மனைவி ஹிஃப்ஸா இருக்கிறாள். நாலு தடவை தங்காத கரு, இந்தத் தடவை ஏழு மாதம் தாண்டியிருக்கிறது. கட்டிலை விட்டு இறங்காதே, ஃப்ளைட் என்ற பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தை பிறக்கிறவரை இந்த ஊரில் இருந்தாக வேண்டும். நுஃமானுக்கு உலகத்தில் வேறு கவலையே கிடையாது.

அன்று வந்தவர் குவைத்தின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அபூ ஃபைசல். கூட அவர் மனைவியும், இருபது வருஷமாக அவர்கள் வீட்டில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக் குமுதினியும். தோட்டக்காரர் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, தண்ணீர் முறை வந்துவிட்டதென்று கீழ்ப்பாத்திக்கு ஓடினார். ஒரு நிமிஷம் தவறினால் அடுத்த வீட்டுக்காரன் மடையைத் திருப்பிவிடுவான்.

"இவ்வளவு திராட்சையை என்ன செய்வார்கள்?" என்று கேட்டார் அபூ ஃபைசல்.

உலர்த்தி, ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் இனிக்க இனிக்கக் குடிப்பார்கள். அதற்கு மதரஸாவில் படித்த அழகான சொல் ஒன்று இருந்தது. நுஃமான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செந்தமிழ் மாதிரியான தன் அரபியில் சொன்னான்: "நபீத் செய்வார்கள், ஐயா. இப்போது உங்களுக்கும் வரும். குழந்தைகள்கூடக் குடிக்கலாம். நான் நோன்பு திறப்பதே அதில்தான்."

அபூ ஃபைசலின் முகம் கறுத்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டார். போனில் முதலாளியிடம் அவர் போட்ட கத்தல் மேல்பாத்திவரை கேட்டது.

காலையிலிருந்து அவன் ‘லாத்தா’ என்று அக்கா முறையில் கூப்பிடும் குமுதினி பதறிக்கொண்டு வந்தாள். "தம்பி, என்ன கதை கதைச்சனீங்கள்? நபீத் எண்டால் இஞ்ச வைன் எல்லோ!"

"அல்லாவே! இல்ல லாத்தா, அது கிஸ்மிஸ் ஊறவச்ச தண்ணி! கிதாபுல அப்படித்தான் போட்டிருக்கு!"

"கிதாபில இருக்கும். சனத்தின்ர வாயில அது வைன்தான்."

அதற்குள் முதலாளியின் போன் வந்துவிட்டது. "என் கெஸ்டுக்குச் சாராயம் ஊத்துறியா? கல்லாஸ், உன் விசா முடிஞ்சுது!" அவ்வளவுதான், கட்.

மலை இறங்கும்போது நுஃமான் கண்ணாடியில் அபூ ஃபைசலின் முகத்தை அடிக்கடி பார்த்தான். ஒரு வார்த்தை விளக்கிச் சொன்னால் போதும். ஆனால் வாயைத் திறக்கவே பயம். இன்னும் எந்தச் சொல் எங்கே காலை வாருமோ! பொறுக்க முடியாமல், கார் ஓட்டியபடியே தமிழில் அழுதான்.

"லாத்தா, என் பொஞ்சாதி கட்டில்ல கிடக்கா. அவள ஃப்ளைட்ல ஏத்தினா புள்ள தங்காது. நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க."

குமுதினி தன் அடுப்படி அரபியில் அபூ ஃபைசலிடம் ஆரம்பித்தாள். பாபா, இவர் சொன்னது திராட்சை, தண்ணீர், ஒரு ராத்திரி, அவ்வளவுதான், போதை மாஃபி. இலக்கணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் விஷயம் போய்ச் சேர்ந்தது.

அபூ ஃபைசல் ‘நபீத்’ என்று தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். "சரிதானே! பழைய கிதாபுகளில் அதுதானே அர்த்தம்! நானே பாடம் நடத்தியிருக்கிறேன்." உடனே முதலாளியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி மறுபடி சிரித்தார். அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. நுஃமானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உன்னிடம் பேச வேண்டுமாம்" என்று போனை அவனிடம் நீட்டினார். அவன் காரை ஓரங்கட்டி வாங்கினான்.

முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "நல்லவேளை நுஃமான், போலீஸ் கேஸ் இல்ல. ஆனா விசா கேன்சல் பேப்பர் அப்பவே போயிடுச்சு. உன் இடத்துக்கு ஆளும் சொல்லிட்டேன். வண்டிச் சாவிய ஆபீஸ்ல அஸ்கர் அலிகிட்ட குடுத்துடு."

"அர்பாப், என் பொஞ்சாதி..."

"மாஃபி ஃபாய்தா. இனிமே பேசிப் பிரயோசனம் இல்ல."

அபூ ஃபைசல் போனை வாங்கிக்கொண்டு, "மாஃபி முஷ்கிலா, எல்லாம் சரியாகிவிட்டது" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடினார். குமுதினி மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களை ஹோட்டலில் இறக்கிய பிறகும் நுஃமானால் வண்டியை எடுக்க முடியவில்லை. ஹிஃப்ஸாவே கூப்பிட்டாள்.

"மச்சான், கம்பெனியில இருந்து போன் வந்திச்சி. ஊருக்கு என்னமோ டிக்கெட்டுங்கறாங்க. நான் வேணும்னா பெட்டிய எறக்கி வைக்கட்டுமா?"

"கட்டில விட்டு எறங்காதே ஹிஃப்ஸா!" என்று கத்தினான் நுஃமான். "நான் வந்து அடுக்குறேன்."