கருவாடும் பொட்டாசியமும்

ரோஸியின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாந்தோம் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நீரஜாவின் போனுக்குக் கல்லின் சோதனை முடிவு வந்தது.

அடையாறில் ஒரு கல்லூரியில் அவளும் ரோஸியும் ஜியாலஜி ஆசிரியைகள். ஒரே அறை, ஒரே ஆய்வு, ஓயாத ஒரே சண்டை. இரண்டு கண்டங்கள் மோதி ஓய்ந்த பிறகு அங்கே கிளம்பும் எரிமலைப் பாறைகளில் ஏன் அவ்வளவு பொட்டாசியம்? மேலேறும் பாறைக்குழம்பு வழியில் கண்டத்தையே கரைத்துக்கொள்கிறது என்றாள் நீரஜா. இல்லை, நடுவில் கடல் இருந்த காலத்திலேயே, உள்ளே அமிழ்ந்த கடல்தரை ஆழத்துப் பாறையில் பொட்டாசியத்தை ஊறவைத்துவிட்டது. மோதலுக்குப் பின் சூடேறியதும் அந்த ஊறிய இடம் முதலில் உருகுகிறது என்றாள் ரோஸி.

"கருவாடு மாதிரிப்பா. உப்பு எப்பவோ ஏறிடுச்சு. வாணலியில போடும்போது ஏறலை."

"எங்காத்துல கருவாடே கிடையாது."

"அதான் உனக்குப் புரியல."

மாணவர்கள் சிரித்தார்கள். ரோஸி எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். நீரஜாவின் வகுப்பில் குறிப்பெடுப்பார்கள், அவ்வளவுதான்.

கண்டத்தைத் தின்ற குழம்பென்றால் மெக்னீசியமும் குரோமியமும் குறைந்திருக்க வேண்டும். போனில் பார்த்தாள். பொட்டாசியம் எக்கச்சக்கம், மற்ற இரண்டும் குறையவே இல்லை. காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள் ஜெயித்துவிட்டாள். இனி அவளிடம் சண்டைகூடப் போட முடியாது.

ரோஸியின் தம்பி லாசர் ரசம் ஊற்ற வந்தான். "இன்னா மேடம், அந்தக் கல்லு மேட்டர் இன்னா ஆச்சு? அக்கா ஆஸ்பத்திரியில கூட அதையேதான் சொல்லிக்கினு இருந்துச்சு."

இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது.

"வந்துடுச்சு. உங்க அக்கா சொன்னதுதான் சரி." நிறுத்தியவள், தாளாமல் சேர்த்துக்கொண்டாள். "அந்தக் கல்லை எடுத்தது நான்."

"தெரியும் மேடம். எடுத்து, வேணாம்னு தூக்கிப் போட்டீங்களாம், அக்காதான் பொறுக்கி வெச்சுச்சாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். உங்களைப் பத்திப் பேசாத நாளே கெடையாது."

நீரஜா தன் வீட்டில் ரோஸியின் பெயரை ஒருமுறைகூட எடுத்ததில்லை. அந்தப் பெருந்தன்மையும் ரோஸிக்கே போய்ச் சேர்ந்தது.

"கட்டுரையில அக்கா பேரு வருமா?"

"வரும்."

"மொதல்லயா?"

ரசம் இலையில் பரவி ஓடியது. அவள் அதைக் கையால் அணைத்தாள்.

"மொதல்லதான்," என்றாள்.